ஃபோல்டிட்

ஃபோல்டிட் என்பது புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் ஆய்வில் பொதுமக்களைப் பங்கேற்கச் செய்யும் இணையவழிக் கணினி விளையாட்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலாளர் டேவிட் பேக்கரின் குழுவும் சோரன் போபோவிச் உள்ளிட்ட கணினி அறிவியலாளர்களும் உருவாக்கிய இவ்விளையாட்டு 2008 மே மாதம் வெளியானது. அறிவியல் தரவை மக்கள் பார்த்துவிட்டுப் போகும் காட்சியாக வைக்காமல், அவர்களே கையாளும் பொருளாக மாற்றிய முன்னோடி முயற்சி இது.

தோற்றம்

அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். அது மடிந்து பெறும் முப்பரிமாண வடிவத்தைப் பொறுத்தே அதன் பணி அமைகிறது. பொதுவாக, ஆற்றல் மிகக் குறைந்த நிலையே புரதத்தின் இயல்பான வடிவம். ஆனால் ஒரு சங்கிலி மடியக்கூடிய வழிகள் எண்ணிலடங்காதவை. அனைத்தையும் கணினியால் சோதித்துவிட முடியாது. புரத வடிவத்தைக் கணிக்கும் பேக்கர் குழுவின் ரொசெட்டா மென்பொருளுக்குப் பெரும் கணிப்புத்திறன் தேவைப்பட்டதால், 2005-இல் தொடங்கிய ‘ரொசெட்டா அட் ஹோம்’ திட்டத்தில் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் பயன்படுத்தப்பட்டன. புரதம் மடிவதைத் திரையில் பார்த்த சிலர், கணினி தவறவிடும் மாற்றங்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிவதாகவும், தாங்களே மடித்துப் பார்க்க வழி வேண்டும் என்றும் தெரிவித்தனர். அதிலிருந்து பிறந்ததே ஃபோல்டிட்.

ஆடும் முறை

புதிருக்குரிய புரதம் வண்ண உருவமாகத் திரையில் தோன்றும். ஆடுபவர் அதை இழுக்கலாம், குலுக்கலாம், இரு பகுதிகளை ரப்பர் பட்டையால் இணைத்து நெருக்கலாம், ஒரு பகுதியை அசையாமல் நிறுத்தலாம். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் அவ்விடத்தில் சிவப்பு முட்கள் தெரியும். ரொசெட்டா கணக்கிடும் ஆற்றலே புள்ளிகளாக மாற்றப்படுகிறது. ஆற்றல் குறையக் குறையப் புள்ளிகள் கூடும். அறிமுகப் புதிர்கள் விதிகளை ஒவ்வொன்றாகக் கற்றுத்தருவதால் உயிர்வேதியியல் அறியாதவரும் ஆடலாம். ஆடுபவர்கள் குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் உத்திகளைச் சிறு நிரல்களாக எழுதிப் பகிர்ந்துகொள்கின்றனர்.

ஆய்வுப் பயன்கள்

2010-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை, பத்துப் புதிர்களில் ஐந்தில் ஆடுபவர்களின் விடை ரொசெட்டாவின் விடையை விஞ்சியதைக் காட்டியது. கட்டுரையாசிரியர் பட்டியலில் ஆடுபவர்களும் இடம்பெற்றனர். 2011-இல், குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் நொதிக்கு அவர்கள் உருவாக்கிய மாதிரி, பத்தாண்டுக்கும் மேலாக விடைகாணாமல் இருந்த அதன் படிக அமைப்பைத் தீர்மானிக்க உதவியது. புதிர் விடப்பட்ட மூன்று வாரங்களுக்குள் பயனுள்ள மாதிரி கிடைத்துவிட்டது. எய்ட்ஸ் வைரஸும் இதே வகை நொதியைச் சார்ந்தே பெருகுவதால் இம்முடிவு பெரிதும் கவனிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஆடுபவர்கள் பகிர்ந்த நிரல்களில் ஒன்று, ஆய்வாளர்கள் தனியே உருவாக்கி அதுவரை வெளியிடாதிருந்த ஒரு கணிப்புமுறையை மிகவும் ஒத்திருந்தது தெரியவந்தது. 2012-இல் ஆடுபவர்கள் திருத்தியமைத்த ஒரு செயற்கை நொதியின் செயல்திறன் 18 மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2019-இல், அவர்கள் புதிதாக வடிவமைத்த 146 புரதங்களை ஆய்வகத்தில் சோதித்தபோது 56 நிலையாக மடிந்தன.

பிற்காலமும் தாக்கமும்

2020-இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு, வடிவத்தைக் கணிக்கும் பணியில் மிக உயர்ந்த துல்லியத்தை எட்டியது. ஃபோல்டிட்டில் அதுவும் ஒரு கருவியாகச் சேர்க்கப்பட்டது. கொரோனா காலத்தில், வைரஸின் கூர்ப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை வடிவமைக்கும் புதிர்கள் விடப்பட்டன.

ஃபோல்டிட் காட்டிய வழியில் வேறு விளையாட்டுகளும் வந்தன. எடெர்னா ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை வடிவமைக்கவும், ஐவயர் விழித்திரை நரம்புகளை வரைபடமாக்கவும் பொதுமக்களை அழைத்தன. 2016-இல் ஈவ் ஆன்லைன், 2020-இல் பார்டர்லேண்ட்ஸ் 3 ஆகிய வணிக விளையாட்டுகளுக்குள்ளேயே ஆய்வுப்பணி சேர்க்கப்பட்டது. கணினிவழிப் புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கு 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.