உபயமும் உற்பத்தி முத்திரையும்: விளையாட்டரங்கில் கேமராவின் பெயர்

பென்னாகரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இரவுக் கபடிப் போட்டி. ஆடுகளத்தைச் சுற்றிலும் ஃபிளெக்ஸ்கள்: முதல் பரிசு இன்னார் உபயம், கோப்பை இன்னார் உபயம், மின்விளக்கு இன்னார் உபயம். ஒரு ரைடுக்கும் அடுத்த ரைடுக்கும் இடையில் மைக்கில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. கோட்டோரத்தில், கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர் முழங்காலிட்டிருந்தார். அவர் கழுத்து வாரில் மஞ்சள் எழுத்தில் ‘நிகான்’ என்றிருந்தது. பரிசளிப்பின்போது விழாக் குழுவினர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “உபயதாரர் எல்லாரும் ஃபிரேமுக்குள்ள வந்துடணும் தம்பி.” வாரில் இருந்த பெயரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அந்த நிறுவனம் போட்டிக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்பது எவருக்கும் உறுத்தவுமில்லை.

அதே வார் ஒலிம்பிக் அரங்கிலோ உலகக் கோப்பை மைதானத்திலோ தொங்கினால் விதிமுறைக்குரிய பொருளாகிவிடுகிறது. எந்தப் பெயர் தெரியலாம், எவ்வளவு பெரிதாகத் தெரியலாம், எதன்மேல் தெரியலாம் என்று அங்கே பக்கம் பக்கமாக வரையறை உண்டு. அவ்வரையறைகள் மூன்று வேறுபட்ட பெயர்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருளைச் செய்தவரின் பெயர் உற்பத்தி முத்திரை. பணம் கொடுத்தவரின் பெயர் உபயம். கொடுக்காமலே கொடுத்தவர்போல் நுழையும் பெயர் பதுங்கு விளம்பரம். கேமரா இம்மூன்றிலும் கால் வைத்திருக்கும் கருவி. எனவே குழப்பம் எங்கே இருக்கிறது என்பதை அதைக் கொண்டே தெளிவாகப் பார்க்கலாம்.

1. பிலிம் சுருளில் தொடங்கிய போர்

பதுங்கு விளம்பரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே அதிகாரபூர்வ பிலிம் என்ற இடத்தைப் பணம் கட்டி வாங்கியது ஃபுஜி. கோடாக் அரங்கத்தை விட்டுவிட்டு, போட்டிகளை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சியின் விளம்பர நேரத்தையும் அமெரிக்கத் தடகள அணியின் ஆதரவாளர் இடத்தையும் பிடித்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒலிம்பிக்கோடு ஒட்டியிருந்த பெயர் எது என்று பிரித்தறியும் வழியில்லை. 1988இல் நிலைமை தலைகீழானது. கோடாக் அதிகாரபூர்வ ஆதரவாளராக, ஃபுஜி அமெரிக்க நீச்சல் அணியின் ஆதரவாளராக வந்து நின்றது.

சர்வதேச ஒலிம்பிக் குழு 1985இல் உலகளாவிய ஆதரவாளர் திட்டத்தை அமைத்தது. ஒரு பொருள் வகைக்கு ஒரே நிறுவனம் என்பது அதன் அடிப்படை. கோடாக் தொடக்கம் முதல் 2008 பெய்ஜிங் வரை அதில் இருந்தது. ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதி அரங்குகளுக்குள்ளும் அவற்றின் மேலேயும் விளம்பரத்தைத் தடுக்கிறது. கருவிகளில் உற்பத்தியாளர் அடையாளத்தை வரையறுத்த அளவில் மட்டும் அனுமதிக்கிறது. இந்தத் ‘தூய அரங்கம்’ என்ற கருத்து முற்றிப்போய், 2012 லண்டனில் கழிவறைச் சாதனங்களின் பெயர்மீதுகூட டேப் ஒட்டினார்கள்.

2. வெள்ளை லென்ஸும் சிவப்பு மேலாடையும்

ஆனால் கேமராவின் பெயரை டேப் ஒட்டி மறைத்துவிட முடியுமா? கேனான் தன் பெரிய டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் கொடுத்ததற்குச் சொல்லும் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. வெயிலில் சூடேறினால் உள்ளிருக்கும் கண்ணாடிகள், குறிப்பாக ஃப்ளோரைட் பாகங்கள், விரிவடைந்து கூர்மை கெடும். வெளிர்நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். காலப்போக்கில் அந்த நிறமே முத்திரையானது. கோல் கம்பத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் வெள்ளைக் குழாய்களைப் பார்த்தாலே, எழுத்து ஒன்றும் தெரியாமல், பெயர் தெரிந்துவிடுகிறது. பின்னாளில் சோனியும் வெள்ளைக்கு வந்தது. எழுத்தை அளந்து அனுமதிக்கும் எந்த விதியும் நிறத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு 2007இல் அமெரிக்காவில் நடந்தது. என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளைப் படமெடுக்க வந்த பத்திரிகைப் படக்கலைஞர்கள் கேனான், ரீபாக் பெயர்கள் பொறித்த சிவப்பு மேலாடையை அணிந்தே தீரவேண்டும் என்று அமைப்பு கட்டளையிட்டது. பத்திரிகைப் படக்கலைஞர் அமைப்புகள் எதிர்த்தன. கையில் நிகான் வைத்திருப்பவரும் முதுகில் கேனானைச் சுமக்க வேண்டும் என்பது மட்டும் அவர்கள் மனக்குறை அல்ல. செய்தி சேகரிக்க வந்தவரை விளம்பரப் பலகையாக்குவது, அவர் எடுக்கும் படத்தின் நடுநிலையையே ஐயத்துக்குள்ளாக்குகிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். லென்ஸின் மேல் உள்ள பெயர் அந்த லென்ஸுக்கே உரியது. மேலாடையின் மேல் உள்ள பெயர் அதை அணிந்த மனிதருக்கு உரியதல்ல. தூய அரங்கம் பேசும் விதிகள் முன்னதை அளவுகோல் வைத்து அளக்கின்றன. பின்னதை வருமானம் என்று வரவேற்கின்றன.

3. மட்டையில் டயர்

இந்தியக் கிரிக்கெட்டில் இந்த முரண் இன்னும் அப்பட்டம். 1996 உலகக் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் ஸ்டிக்கர் இல்லாத மட்டையோடு ஆடி 523 ரன் குவித்து முதலிடம் பிடித்தார். அடுத்து அந்த வெற்றுப் பரப்பில் குடியேறியது சென்னையின் எம்ஆர்எஃப். ஐசிசியின் உடை, கருவி விதிகள் மட்டையில் விளையாட்டுக் கருவி உற்பத்தியாளரின் முத்திரைக்கே இடம் தருகின்றன. டயர் நிறுவனமான எம்ஆர்எஃப் தன் பெயரில் மட்டைகளையும் விற்பதால் விதியின் எழுத்து மீறப்படவில்லை. எனினும் திரையில் அந்தச் சிவப்பு எழுத்துகளைக் கண்ட எவரும் மட்டை வாங்கக் கடைக்கு ஓடியதாகத் தோன்றவில்லை. டயரின் பெயர் மட்டையில் இருக்கலாம். கேமராவின் பெயர் கேமராவில் இருப்பதற்குத்தான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசிக் காலத்தில் முரண் இன்னொரு படி ஏறியது. 2017இல் ஓப்போ ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,079 கோடி ஒப்பந்தத்தில் இந்திய அணியின் சட்டையில் இடம்பிடித்தது. 2019இல் அந்த இடத்தை பைஜூஸுக்கு விட்டுக்கொடுத்தது. விவோ 2018 முதல் ஐந்தாண்டு ஐபிஎல் தலைப்புரிமைக்கு ரூ.2,199 கோடி ஒப்புக்கொண்டது. ஓப்போ, விவோ இரண்டும் கைப்பேசியை விற்றதே அதன் கேமராவைச் சொல்லித்தான். அதே அரங்குகளின் நுழைவாயிலில் ரசிகருக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் கேமரா இருப்பது வழக்கம். கேமராவைப் பெருமையாகச் சொல்லும் பெயர் சட்டையில் உள்ளே போகலாம். கேமரா வாசலோடு நிற்க வேண்டும்.

4. சேப்பாக்கம், 2013

பெயர் பற்றிய தகராறு கருவியைத் தாண்டி மனிதர்மேல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2012 நவம்பரில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட பட நிறுவனங்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி அட்டை மறுத்தது. அவை செய்தி நிறுவனங்கள் அல்ல, படங்களை விற்கும் வணிக நிறுவனங்கள் என்பது வாரியத்தின் நிலை. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகிய மூன்று பெரும் செய்தி முகமைகளும் தொடரைப் புறக்கணித்தன. 2008இல் முதல் ஐபிஎல் நடந்தபோதும் படங்களின் பயன்பாடு குறித்து இதே போன்ற மோதல் எழுந்தது.

அடுத்து வந்த ஆஸ்திரேலியத் தொடரிலும் தகராறு நீடித்தது. அதன் முதல் டெஸ்ட் 2013 பிப்ரவரி 22 முதல் 26 வரை சேப்பாக்கத்தில் நடந்தது. தோனி 224 அடித்தார். அஸ்வின் 12 விக்கெட் எடுத்தார். இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தமிழ்நாட்டு மண்ணில் ஆடப்பட்ட நினைவுகூரத்தக்க டெஸ்ட்களில் அது ஒன்று. உலகத்துப் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பும் மூன்று பெரும் முகமைகளும் அந்த ஐந்து நாளும் தள்ளியே நின்றன. பிற்கால ஐபிஎல் படங்களின் கீழே ‘பிசிசிஐ / ஸ்போர்ட்ஸ்பிக்ஸ்’ என்ற வரி பழக்கமாகிவிட்டது. ஆட்டத்தை நடத்துபவரே அதன் படத்தையும் வழங்குபவராகிறார் என்பதற்கு அந்தச் சிறு எழுத்து வரியே சாட்சி.

அரங்கம் தனக்கு வேண்டாத பெயரை வெளியேற்றத் தொடங்கினால், அது வாரில் உள்ள பெயரோடு நிற்காது. படத்தின் கீழே வரும் பெயர் வரைக்கும் போகும். உபயதாரரைப் பாதுகாக்கப் பிறந்த மனப்பாங்கு, சாட்சியை வடிகட்டும் அதிகாரமாக வளர்ந்துவிடுகிறது.

5. சட்டம் என்ன சொல்கிறது?

பதுங்கு விளம்பரத்துக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. 2003 உலகக் கோப்பைக்கு முன், ஃபிலிப்ஸும் அதன் விற்பனையாளரும் வாடிக்கையாளருக்கு உலகக் கோப்பைப் பயணத்தைப் பரிசாக அறிவித்தபோது ஐசிசியின் வணிகப் பிரிவு டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஆர்வி என்டர்பிரைசஸ் வழக்கு என்று அறியப்படும் அதில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொள்வதும் மக்களை ஏமாற்றுவதும் ஒன்றல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதாவது, பெயர் கண்ணில் படுவதைக் குற்றமாக்காமல், பொய்யான உறவு கோரப்படுகிறதா என்று சட்டம் கேட்டது.

இன்னொரு முன்மாதிரி 2007ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சிக்னல் பகிர்வுச் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலைத் தனியார் ஒளிபரப்பாளர் தன் விளம்பரங்களை நீக்கிவிட்டுப் பிரசார் பாரதிக்குத் தரவேண்டும். உபயதாரரின் உரிமை வேறு, ஆட்டத்தைப் பார்க்கும் மக்களின் உரிமை வேறு என்று பிரித்துக் காட்டிய சட்டம் அது. அசையும் படத்துக்கு ஏற்கப்பட்ட இப்பிரிவினையை நிழற்படத்துக்கு மறுக்க வலுவான காரணம் எதுவும் இல்லை.

6. ஒரு மறுப்பும் மூன்று அளவுகோல்களும்

‘ஆதரவாளர் பணம் இல்லாமல் விளையாட்டு ஏது? தனியுரிமை இல்லாவிட்டால் யார் பணம் தருவார்கள்?’ என்ற கேள்வி நியாயமானது. கோயில் குழல்விளக்குக்குக்கூட உபயதாரர் வேண்டும். ஆனால் விளக்கு நெடுகிலும் பெயரை எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்கிய உபயங்களும் நமக்குத் தெரியும். பெயர் எழுதுவதை யாரும் குறைசொல்வதில்லை. விளக்கு எரியும் அளவுக்காவது கண்ணாடியை விட்டுவைக்க வேண்டும்.

அதற்கு மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி கருவியின் மேல் இருக்கும் முத்திரையை அப்படியே விடுவது. அது உண்மையைச் சொல்லும் பெயர். இரண்டாவது, பத்திரிகையாளர் உடலில் உபயதாரர் பெயரைக் கட்டாயமாக ஏற்றாதிருப்பது. அடையாளத்துக்கு எண் போட்ட மேலாடை போதும். மூன்றாவது, படமெடுக்கும் அனுமதியை விளம்பர ஒப்பந்தங்களிலிருந்தும் பட விற்பனையிலிருந்தும் முற்றிலும் விலக்கி வைப்பது. போட்டியோடு உறவு இருப்பதாகப் பொய்யாகக் காட்டிக்கொள்வோரைத் தடுக்க இவற்றுள் எதுவும் குறுக்கே நிற்காது.

7. நடுகல்லின் வரிசை

பெயரைப் பொறிப்பதில், பென்னாகரம் இருக்கும் தருமபுரி வட்டாரத்துக்கு நெடிய பழக்கம் உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் நிற்கும் நடுகற்கள் பலவற்றில் எழுத்து ஓர் ஒழுங்கில் வருகிறது: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய வீரன், எந்தப் பூசலில் பட்டான். மன்னன் பெயர் முதலில் வருவது காலத்தையும் அதிகாரத்தையும் சொல்ல. ஆனால் கல் நடப்பட்டது வீரனுக்கு. நடுவில் நிற்கும் உருவமும் அவனுடையதே. செதுக்கிய கைக்குரியவர் பெயர் பெரும்பாலும் கல்லில் இல்லை. உளி யார் அடித்தது என்று நாம் கேட்பதுமில்லை.

பென்னாகரத்து இளைஞர் அன்று எடுத்த பரிசளிப்புப் படத்தில் உபயதாரர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். கோப்பை தெரிந்தது, ஃபிளெக்ஸ் தெரிந்தது. வென்ற அணியின் ரைடர் மட்டும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றார். வாரில் இருந்த மஞ்சள் பெயர் படத்தில் விழவே இல்லை. பெரிய அரங்குகள் வார்களுக்கு அளவு எழுதிக்கொண்டிருக்கின்றன. அளந்து பார்க்க வேண்டிய இடம் அந்த ரைடர் நின்ற ஓரம்.