கற்றதும் துறந்ததும்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியிலே அமைந்தது எங்கள் கலகெதர. ஆலயத்தில் வழிபட்டு, மிஷன் பாடசாலையிற் கற்று, இன்று பல்கலைக்கழகம் புகுந்துள்ள இளைஞர் நாம். "பிற சமயத்தார் பள்ளியிற் படித்தவர் தம் சமயத்தைப் பேணுவரோ?" எனப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. அதற்கு விடையாகச் சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையை முன்வைக்கின்றோம்.

1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றார். அதனால் தமிழைக் கைவிட்டாரல்லர். ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். ஒழுங்குபட்ட உழைப்பின்றி இவையிரண்டும் ஒருவர்க்குக் கைகூடுமோ?

1897 சனவரியில் விவேகானந்த சுவாமிகள் நம் கண்டி மாநகருக்கு வந்து சென்றார். அவர் எழுப்பிய இயக்கமே கால் நூற்றாண்டின் பின் மயில்வாகனனாரையும் ஈர்த்தது. உத்தியோகமும் ஊதியமும் தேடிவந்த காலத்தில் அவற்றைத் துறந்து, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் புகுந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தரானார்.

அவர் துறந்தது பொருளையே, கற்ற கல்வியையன்று. ஈழம் மீண்டு இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபோது, அயலிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இளமையிற் பெற்ற கணித, விஞ்ஞான அறிவே பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணித்தறியக் கருவியாயிற்று. நெடுங்கால ஆராய்ச்சியின் பயனான யாழ்நூல் 1947 யூனில் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

அன்பர்களே! கல்வி எங்கே பெறப்பட்டது என்பதினும், எதற்குப் பயன்பட்டது என்பதே பெரிது. நாமோ இதுவரை பரீட்சைப் புள்ளிகளையே எண்ணி வந்தோம் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். பட்டம் பெற்றபின் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுவதே நம்மிற் பலரின் கனவு. நம் மலையகத்து லயங்களிலோ, பாடஞ் சொல்லித்தர ஒருவருமின்றிப் பிள்ளைகள் விளக்கின்முன் அமர்ந்திருக்கின்றனர். அதிகாலை எழுதல், சினமடக்கல், நாள்தோறும் வழிபடல் ஆகிய நோன்புகளோடு, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அப்பிள்ளைகளுக்கு அளிப்பதும் நம் நோன்பாகட்டும். பெரியோரின் வினாவுக்குச் சொல்லால் அன்றிச் செயலால் விடையிறுப்போமாக!