ஐந்தாம் தந்தியின் நீளம்

பேஸ் கிட்டாரில் ஐந்தாவது தந்தி என்றதும் கீழே இறங்கும் தந்தியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் வந்தது மேலே ஏறிய தந்தி. 1965இல் ஃபெண்டர் நிறுவனம் ‘பேஸ் ஃபைவ்’ என்று ஒன்றை விற்றது. இ, ஏ, டி, ஜி என்ற நான்கு தந்திகளோடு ஓர் உச்ச சி. மொத்தமே 15 ஃப்ரெட். கை கழுத்தில் மேலேறிப் போக வேண்டாம், குறுக்கே நகர்ந்தால் போதும் என்பது யோசனை. காகிதத்தில் அழகான யோசனைதான். ஆனால் வாசிக்கிறவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. சில வருஷங்களில் நின்றுபோனது.

அவர்கள் கேட்டது வேறு. இ-க்குக் கீழே எப்படி இறங்குவது?

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது ஸ்கேல் நீளத்தை, அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிர்கிற நீளத்தை, 34 அங்குலமாக வைத்தார். அவருடைய கிட்டாருக்கு 25½ அங்குலம். ஆள் உயரம் நிற்கும் டபுள் பேஸுக்குச் சுமார் 42. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள், 33¾ வரும். நான்கு தந்திக்கு, அதுவும் 41.2 ஹெர்ட்ஸில் அதிரும் இ தந்திக்கு, அது சரியான சமரசம். அதற்குக் கீழே ஒரு தந்தி வரும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சமரசத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகளும் தந்தி செய்கிறவர்களும் 34க்கே பழகிப்போனார்கள்.

முதலில் முரண்டு பிடித்தவர் ஆன்டனி ஜாக்சன். நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர். ‘ஃபார் த லவ் ஆஃப் மணி’யின் அந்த பேஸ் அவருடையது. கிட்டார் குடும்பத்தின் தாழ்ந்த குரல் என்றால் அதற்கும் ஆறு தந்திதானே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1975இல் கார்ல் தாம்ப்சன் அவருக்காகக் கீழே பி, மேலே சி வைத்த ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்துகொடுத்தார். அடுத்த வருஷம் ஜிம்மி ஜான்சன் அலெம்பிக் நிறுவனத்திடம் ஐந்து தந்தி பேஸ் ஒன்றைச் செய்யச் சொன்னார். கீழே லோ பி. அப்பா மினியாபொலிஸ் ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் வாசித்தவர். டபுள் பேஸ்காரர்களுக்கு இ-க்குக் கீழே இறங்குவது புதிதல்ல. ஜெர்மன் ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்து தந்தி டபுள் பேஸ் சகஜம். கருவி செய்ய ஆள் இருந்தார்கள். தந்திதான் கடைகளில் இல்லை. ஜி.எச்.எஸ் நிறுவனம் அதைச் செய்து தந்த பிறகே ஜான்சனின் ஐந்து தந்தி முழுமையானது.

இதெல்லாம் ஒரு சிலரின் ஆசையாகவே முடிந்திருக்கும். சிந்தசைசர் விடவில்லை. 1970இல் வந்த மினிமூக்குக்கு இ என்று ஒரு தரை கிடையாது. 1982இல் உலகம் கேட்ட ‘த்ரில்லர்’ பாட்டின் பேஸே சிந்தசைசர்தான். கீபோர்டுக்காரர் இறங்குகிற ஆழத்துக்குத் தானும் இறங்காவிட்டால் அழைப்பு வராது என்று பேஸ்காரர்களுக்குப் புரிந்தது. 1987இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஃபைவ் வந்தபோது வாங்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

அந்த பயம் எனக்கும் தெரியும். மெல்லிசைக் குழுவில் நான் நான்கு தந்தி வாசிக்கிறவன். மேடையில் பாடகர் திரும்பி “அரைக் கட்டை இறக்கிக்கலாம்ணே” என்பார். இ-யில் இருந்த பாட்டு இ ஃப்ளாட்டுக்குப் போகும். அந்த ஸ்வரம் என்னிடம் கீழே கிடையாது. ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் பாட்டுக்கு அடித்தளமே இல்லாத மாதிரி இருக்கும். கீபோர்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “விடு தம்பி, இடது கையில நான் பாத்துக்கறேன்” என்பார். அவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் நான் எதற்கு?

ஐந்து தந்தி வாங்கக் கடைக்குப் போனேன். “34 வேணாம் சார், 35 எடுங்க. லோ பி டைட்டா நிக்கும்” என்றார் கடைக்காரர். 35 அங்குலத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு: மாடுலஸ், 1994க்குப் பிறகு லேக்லண்ட். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மெர்சென் 1636இலேயே எழுதிவைத்த விதிதான். அதே தந்தி, அதே ஸ்வரம் என்றால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 34இலிருந்து 35க்குப் போனால் சுமார் 6 சதவீதம். தந்தியின் தடிமனை .125இலிருந்து .130 ஆக்கினாலே 8 சதவீதம் கிடைத்துவிடுகிறது!

சரி, நீளத்தை மட்டும் வைத்தே சமாளிக்கலாமா? .100 இ தந்தியை அதே இழுவிசையில் பி-யாக ஒலிக்க வைக்க 45 அங்குலத்துக்கும் மேல் வேண்டும். டபுள் பேஸைவிட நீளம். ஆகவே தடிமன் கூடியே தீரவேண்டும்: .100க்கு மூன்றில் நான்கு மடங்கு, அதாவது .133. சந்தையில் .130 சாதாரணமாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனா தடித்த தந்தி விறைப்பாக இருக்கும், கம்பி மாதிரி. விறைப்பு கூடினால் மேற்சுரங்கள் சுருதி விலகி மேலே போகும். லோ பி-யின் அடிப்படை அதிர்வெண் 30.87 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஸ்பீக்கர்களிலிருந்து அது சரியாக வெளியே வருவதே இல்லை. 62, 93 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களைக் கேட்டுத்தான் காது அடிப்படையை ஊகித்துக்கொள்கிறது. அவை கலங்கினால் லோ பி வெறும் உறுமல். பெரிய கச்சேரிப் பியானோவில் இதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே இருக்கும் ஏ-க்குச் சுமார் 2 மீட்டர் தந்தி போடுகிறார்கள். நாம் 86 சென்டிமீட்டரில் அந்தக் காரியத்தை முடிக்கப் பார்க்கிறோம். ஜாக்சன் பின்னாளில் ஃபொடேராவிடம் 36 அங்குலம் கேட்டு வாங்கியதும், கனடாவில் டிங்வால் ஃப்ரெட்டுகளை விசிறியாகச் சாய்த்து பி-க்கு மட்டும் 37 கொடுத்ததும் இந்தத் தெளிவுக்காகத்தான்.

நீளத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பது இடது கை. நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் 34இல் 178 மில்லிமீட்டர், 35இல் 183. ஐந்து மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று கேட்கலாம். மூணு மணி நேரக் கச்சேரியில் என் சுண்டு விரலைக் கேளுங்கள். தந்தி பாக்கெட்டையும் நீளம் பார்த்து வாங்க வேண்டும். 34க்கென்று செய்தது சில 35 அங்குலக் கருவிகளில் எட்டாது.

34தான் எடுத்தேன். .130 பி தந்தி, பிரிட்ஜில் உட்காரும் இடத்தில் மேல்சுற்று இல்லாமல் மெலிந்திருக்கும் வகை. அங்கே மெலிந்தால் விறைப்பு குறைகிறது. முதல் மாதம் முழுக்க வாசிப்பதைவிட, வாசிக்காத பி தானாக முனகாமல் கட்டைவிரலால் அமுக்கிவைப்பதுதான் வேலையாக இருந்தது. போன வாரம் மேடையில் பாடகர் ஒரு கட்டையே இறக்கச் சொன்னார். கீபோர்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.