டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட்: நால்வரின் கணக்கு வழக்கு

பக்கவாத்தியச் சிறப்பு மலரில் அமெரிக்க ஜாஸ் குழுவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1958-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிவைத்த நீண்ட சுற்றுப்பயணத்தில் டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட் சென்னைக்கும் வந்தது. அப்போது அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அந்தக் குழு ஐந்து எண்ணிக்கையில் பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’ உலகம் சுற்றியது. நம் கண்ட சாபுதான் கப்பலேறிப் போனது என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக நடப்பது. ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டுமாக நடப்பது. ஆகவே அந்தப் பெருமையை விட்டுவிடுவோம். அந்தப் பாட்டு யாருடையது என்ற கேள்விதான் மிருதங்கமும் கடமும் வாசிப்பவர்கள் கேட்கவேண்டியது.

குழு 1951-ல் பிறந்தது ஒரு பகையிலிருந்து. சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட், 1949-ல் தான் விட்டுப்போன ஓரிடத்து வேலையைப் பியானோ கலைஞரான ப்ரூபெக்குக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். கைக்குழந்தைகளோடு வருமானமில்லாமல் நின்ற ப்ரூபெக், இனி அந்த மனிதரை வீட்டு வாசலில் சேர்க்காதே என்று மனைவி அயோலாவிடம் சொல்லிவைத்தார். கொஞ்ச காலத்தில் ப்ரூபெக்கின் வாசிப்பு வானொலியில் பரவத் தொடங்கியதும் டெஸ்மண்ட் வந்து நின்றார். அயோலா கதவைத் திறந்துவிட்டார். கொல்லையில் குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த ப்ரூபெக்கிடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், காரைக் கழுவுகிறேன், சேர்த்துக்கொள் என்று டெஸ்மண்ட் கெஞ்சினாராம்.

அதன் பிறகு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் நம் கச்சேரிக் குழுக்கள் படித்துப் பார்க்கவேண்டியது. தலைவர் ப்ரூபெக், டெஸ்மண்டை ஒருபோதும் நீக்கக்கூடாது, லாபத்தில் 20 சதவீதம் டெஸ்மண்டுக்கு. பழைய பகையை மறந்து தழுவிக்கொள்வதைவிட, காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது புத்திசாலித்தனம். அதே 1951-ல் ஹவாய்க் கடலில் பாய்ந்தபோது ப்ரூபெக்கின் முதுகுத்தண்டில் அடிபட்டது. விரைவான ஓட்டங்களை விட்டு, கனத்த ஸ்வரக் கொத்துகளுக்கு அவர் வாசிப்பு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கனத்தின் மேல் மிதப்பதற்கு டெஸ்மண்டின் மெல்லிய குரல் வேண்டியிருந்தது. கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதிக் கச்சேரி பிடித்தவர் அயோலா. அந்தக் கல்லூரிக் கச்சேரிகளே குழுவுக்குச் சோறு போட்டன. நிறுவன வரலாறு என்று எழுதினால் ஐந்தாவது உறுப்பினராக அவரைச் சேர்க்கவேண்டும்.

மொரெல்லோ 1956-ன் கடைசியில் சேர்ந்தார். டெஸ்மண்ட் எதிர்பார்த்தது பிரஷ்ஷால் மெல்ல வருடிக்கொண்டு பின்னால் இருக்கும் ஒரு டிரம்ஸ்காரரை. மொரெல்லோ எதிர்பார்த்தது தனக்கும் தனி. சிகாகோ ‘ப்ளூ நோட்’ அரங்கில் ப்ரூபெக் அவருக்குத் தனி விட்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. டெஸ்மண்ட் மேடையை விட்டு இறங்கிப் போனார். (தனியாவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்துபோகும் நம் ரசிகர்கள் அவரை மன்னிப்பார்கள்.) அவர் இருந்தால் நான் இல்லை என்றார் டெஸ்மண்ட். மொரெல்லோ போகமாட்டார் என்றார் ப்ரூபெக். டெஸ்மண்டை நீக்கத்தான் ஒப்பந்தம் தடை போட்டிருந்தது; அவராகப் போவதை அது தடுக்கவில்லை. ஆனாலும் அவர் போகவில்லை. முறைப்பு நெடுநாள் நீடித்து, பின்னர் நட்பாகக் கனிந்தது.

அந்த முறைப்பு ஓயாத காலத்திலேயே ‘டேக் ஃபைவ்’ உருவானது. மேடைக்குப் பின்னால் மொரெல்லோ ஐந்து எண்ணிக்கையில் தட்டிக்கொண்டிருப்பார். டெஸ்மண்ட் அதன்மேல் ஏதாவது ஊதிப் பார்ப்பார். இதை ஒரு பாட்டாக எழுதிக் கொண்டுவா என்றார் ப்ரூபெக். டெஸ்மண்ட் கொண்டுவந்தது இரண்டு துண்டு மெட்டுகள். இது உருப்படாது என்பது அவர் எண்ணம். ஒன்றை முதலாகவும் மற்றதை நடுப்பகுதியாகவும் கோத்து, பெயரும் வைத்தவர் ப்ரூபெக். 1959 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. மொரெல்லோ தனி வாசிக்கும்போது அடியில் ஒரே பியானோச் சுற்று விடாமல் ஓடுவதைக் கவனியுங்கள். கேட்பவர் எண்ணிக்கையைத் தொலைக்காமலிருக்க ப்ரூபெக் பிடித்துக்கொடுக்கும் கைதாளம் அது. உறையில் பெயர் போட்ட தலைவருக்கு அந்தப் பதிவில் தனி வாசிப்பே கிடையாது.

‘டேக் ஃபைவ்’ இடம்பெற்ற ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் ஏழு உருப்படிகள். ஆறு ப்ரூபெக்குடையவை, ஏழாவது டெஸ்மண்டுடையது. விற்றது ஏழாவது. இயற்றியவர் என்ற இடத்தில் டெஸ்மண்டின் பெயர் மட்டும் இருக்கிறது. தாளம் கொடுத்தவர், கோத்துக் கொடுத்தவர், இவர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. காப்புரிமைக் கணக்கில் உருப்படி என்பது மெட்டுதான். அமெரிக்க வானொலியில் ஒரு பதிவு ஒலித்தால் பணம் இயற்றியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும், வாசித்தவர்களுக்குப் போகாது. மொரெல்லோ ஏமாற்றப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். விதியே தாளக்காரரைப் பார்க்காமல் எழுதப்பட்டிருக்கிறது. தலைவர் நினைத்திருந்தால் தன் பெயரையும் சேர்த்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. அதே ஆண்டு, அதே ஸ்டூடியோவில், மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவானது. அதிலுள்ள ‘ப்ளூ இன் கிரீன்’ டேவிஸ் பெயரில் வந்தது. அது தன்னுடையது என்று பியானோ வாசித்த பில் எவன்ஸ் பின்னாளில் சொன்னார். ப்ரூபெக் அந்த வழியில் போகவில்லை.

பெயர் போடுவதைப் போலவே மேடையில் எங்கே நிற்பது என்பதும் அங்கீகாரம்தான் என்பதற்கு யூஜின் ரைட் சாட்சி. இடக்கை வாசிப்பால் எந்தப் பக்கம் உட்காருவது என்பதே பிரச்சினையான பழனி சுப்பிரமணிய பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கறுப்பினத்தவரான ரைட் 1958-ல் பாஸ் வாசிக்க வந்தார். அவர் மேடையேறக்கூடாது என்றது வட கரோலினாவில் ஒரு கல்லூரி. குழு வாசிக்க மறுத்தது, மாணவர்கள் பொறுமையிழந்தார்கள். ரைட் பின்னாலேயே நிற்கட்டும் என்று நிர்வாகம் இறங்கிவந்தது. ப்ரூபெக் சரியென்று மேடையேறி, கச்சேரிக்கு நடுவே ரைட்டை முன்னால் அழைத்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தனி வாசிக்க விட்டார். 1960-ல் ரைட்டை மாற்ற மறுத்ததால் தென்மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலான கச்சேரிகள் கைவிட்டுப் போயின. அந்த நஷ்டத்தைக் குழு தாங்கிக்கொண்டது.

1967 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் கடைசிக் கச்சேரி. 1976-ல் வெள்ளிவிழாவுக்கு நால்வரும் மறுபடி சேர்ந்தார்கள். மறு ஆண்டு டெஸ்மண்ட் நுரையீரல் புற்றுநோயில் மறைந்தார். ‘டேக் ஃபைவ்’ வருமானத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். ப்ரூபெக் 2012-ல் மறையும்வரை அந்தப் பாட்டைக் கேட்காமல் எந்தக் கூட்டமும் அவரை விட்டதில்லை. அவர் வாசிக்க வாசிக்க, இயற்றியவர் பங்கு சங்கத்தின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மொரெல்லோ 2011-ல் காலமானார். இன்றும் டிரம்ஸ் பழகும் பிள்ளைகள் ‘டேக் ஃபைவ்’ என்றால் முதலில் கேட்டு எழுதி எடுப்பது டெஸ்மண்டின் மெட்டை அல்ல, மொரெல்லோவின் தனியைத்தான்.