சுவிகாரப் பத்திரமும் புத்திரசுவிகாரமும்

செஞ்சிப் பக்கம், வல்லம் வட்டாரத்தில், பிள்ளையில்லாத வீட்டார் பங்காளி வீட்டுப் பையனை எடுத்து வளர்த்தால் அவன் தத்துப்பிள்ளை. பத்திர எழுத்தர் கைக்குப் போனால் சங்கதி 'சுவிகாரம்' ஆகிவிடும். ஞாயிறு ஆராதனையில் அதுவே 'புத்திரசுவிகாரம்'.

தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. பெற்றவர் பக்கத்துச் சொல். சுவிகாரம் என்றால் தனதாக்கிக்கொள்வது. எடுப்பவர் பக்கத்துச் சொல். மனிதரைக் கடவுள் தம் பிள்ளையாக்குகிறார் என்று சொல்லவந்த மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவதை எடுத்தது சரியான தேர்வு.

பவுலின் நிருபங்களில் இதற்கான கிரேக்கச் சொல் 'ஹுயியொதெசியா'. ஐந்தே இடத்தில் வருகிறது: ரோமரில் மூன்று, கலாத்தியரிலும் எபேசியரிலும் ஒவ்வொன்று. அவர் காலத்து ரோமில் பெரும்பாலும் வளர்ந்த ஆண்பிள்ளையையே தத்தெடுத்தார்கள். தொட்டில் ஆசைக்காக அல்ல, பேரும் சொத்தும் நிலைக்க. கி.மு. 44இல் சீசரின் உயில் ஒக்டேவியனை மகனாக்கியபோது அவருக்கு வயது 18.

அதனால்தான் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் சுவிகாரத்தைத் தொட்ட கையோடு 'சுதந்தரர்' வந்துவிடுகிறது. விடுதலை பெற்றவர் என்று இன்றைய வாசகர் தப்பாகப் படித்துவிடுவார். வேதத் தமிழில் அது வாரிசு. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மிராசுதாருக்கென்று ஒதுக்கிய பங்குக்கும் சுதந்திரம் என்றுதான் பெயர். மரக்கால் கணக்கில் கையில் விழும் உரிமை!

1995இல் வந்த திருவிவிலியம் 'பிள்ளைகளாக்கும்' என்று எளிமைப்படுத்தியது. பெண்பிள்ளைக்கும் இடம் கிடைத்தது, நல்லதே. சாஸ்திர முறைத் தத்து ஆண்பிள்ளைக்கே உரியது. இந்துக் குடும்பங்களில் மகளைத் தத்தெடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. ஆனால் பத்திர வாசனை போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பவுல் பேசியது பாசத்தை மட்டுமல்ல, பாத்தியதையையும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோட்பாட்டை வாராவாரம் கேட்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்த 1956 சட்டம் பொருந்தாது. தத்தெடுக்கத் தங்களுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. நெடுங்காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் ஆவதுதான் அவர்களுக்கு இருந்த வழி. அப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தானாக வாரிசுரிமை வராது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தன. இப்போது நடப்பிலுள்ளது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே பிள்ளை எடுக்க நினைக்கும் வல்லத்துக் கிறிஸ்தவர்கள் பத்திர எழுத்தரிடம் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிய வேண்டும்; உத்தரவு தருபவர் மாவட்ட ஆட்சியர்.