காலனிக் குழந்தைகளின் எடை எந்தக் கணக்கில்?

1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை ஏறாமல் தேங்கிய குழந்தைகளுக்குத் துணை உணவு வழங்கியது. ஒருநாள் எடையைவிட, மாதங்களினூடே அது செல்லும் திசையே முதன்மையானது என்பது அதன் அடிப்படை.

உயரத்துக்கேற்ற எடையின்மை அண்மைக்கால உணவுக்குறையை அல்லது நோயைக் காட்டும். வயதுக்கேற்ற உயரமின்மை நெடுங்காலப் பற்றாக்குறையைக் காட்டும். நடை, பேச்சு, விளையாட்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்தாலே வளர்ச்சியின் முழு வடிவம் தெரியும்.

ஆனால், ஒன்றிய அளவிலான சராசரி காலனியின் நிலையை மறைத்துவிடும். ஆகவே நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி போன்ற ஒன்றியங்களில் கணக்கெடுக்கும் தோழர்கள், குடியிருப்புவாரியாகவே பதிவுசெய்ய வேண்டும் என்கிறோம். அங்கன்வாடி மையம் ஊர்த்தெருவில் உள்ளதா, காலனியில் உள்ளதா? பழுதற்ற தராசு இருக்கிறதா? எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்களா?

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 13.12.2006 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை அளித்து மையங்களைத் திறக்க ஆணையிட்டது. 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் இருந்தும் மையமில்லாத குடியிருப்பு கோரினால், மூன்று மாதங்களுக்குள் அமைத்துத்தர வேண்டும் என்றும் கூறியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அக்குழந்தைகளின் உணவை உரிமையாக்கியது.

நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியலே நம் முதல் மனு.