வெட்டப்பட்ட கொப்பு: பறவைப் படத் திருத்தத்தின் வரலாறு

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாகத் தெற்கே போனால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் வரும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரில் மஞ்சள் மூக்கு நாரைகள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டும். அங்கே எடுத்த படத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கொப்பைக் கணினியில் அழிப்பது இன்று சில நொடி வேலை. கணினி வந்த பிறகு பிறந்த வழக்கமாக இதைப் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கொப்பை அகற்றும் வேலை முதலில் மரத்தடியில் நடந்தது. இருட்டறைக்கும் திரைக்கும் அது பிறகுதான் வந்தது.

தொடக்ககாலக் கேமராக்களுக்கு எட்டும் தூரம் குறைவு, ஒளியுணர்வும் குறைவு. பறக்கும் பறவை பிடிபடாது. கூட்டுக்குத் திரும்பத் திரும்ப வரும் பறவைதான் பிடிபடும். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1895இல் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூலின் படங்கள் முழுக்கப் புகைப்படங்களே. உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளும் பொய் மாடு ஒன்றையும் அவர்கள் செய்து வைத்திருந்தார்கள். இந்தியாவில் படமெடுத்த இ. எச். என். லோதர் 1949இல் வெளியிட்ட நூலும், சலீம் அலியின் நண்பரான சிங்கப்பூர்த் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ 1957இல் வெளியிட்ட நூலும் இந்த மறைவிட மரபில் வந்தவை.

கூட்டை மறைக்கும் இலை தழைகளைக் கட்டி ஒதுக்குவது அல்லது வெட்டுவது அம்மரபில் சாதாரணம். படத்தின் முதல் திருத்தம் அதுதான். அதன் விலையைக் குஞ்சுகள் கொடுத்தன. நிழல் போனால் வெயில் சுடும். மறைப்பு போனால் காக்கையும் வல்லூறும் கண்டுகொள்ளும்.

இதற்கு மாறான ஒரு பார்வை திருநெல்வேலியில் பிறந்தவரிடமிருந்து வந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். பல இடத்துப் பாகங்களை ஒட்டவைத்து உருவாக்கிய தன் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். யானை முதலான பாலூட்டிகளே அவருடைய முதன்மைப் பொருள் என்றாலும், வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதினார். அவர் படங்களில் விலங்கு தான் வாழும் புதரோடும் மண்ணோடும் நிற்கிறது. அழகில் அவை இன்றைய மங்கிய பின்னணிப் படங்களுக்கு ஈடாகா என்பார் உண்டு. ஆய்வுப் பதிவு என்ற வகையில் அவையே மேல் என்பது என் கருத்து.

கறுப்பு வெள்ளையில் திருத்தம் என்றால் இருட்டறை. என்லார்ஜரின் ஒளியைக் கையால் மறைத்து ஓரிடத்தை வெளிறவைப்பது டாட்ஜிங். கூடுதல் ஒளி கொடுத்துக் கருக்கவைப்பது பர்னிங். 1990இல் வந்த ஃபோட்டோஷாப் அந்தப் பெயர்களையே தன் கருவிகளுக்கு வைத்துக்கொண்டது. 2007இல் லைட்ரூம் என்ற மென்பொருள் வந்தது. அதற்குள், கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பு பரவத் தொடங்கியிருந்தது.

நம் பக்கத்துக் குளங்களுக்கு இந்த ரா கோப்பு பெரிய வரம். உச்சி வெயிலில் கரண்டிவாயனின் வெள்ளை இறகு எளிதில் வெளிறிப்போய்விடும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். 14 பிட் ரா கோப்பில் 16,384. சற்று இருட்டாகவே எடுத்து, வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு, நிழலைப் பிறகு தூக்கலாம். ஆனால் அடியோடு வெளுத்துப்போன இறகு வரியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கானல் அலையில் கலங்கிய கூழைக்கடாவும் அப்படித்தான். அதற்கு மருந்து விடியற்காலையில் போவதுதான்.

2023இல் படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சல் புள்ளிகளைச் செயற்கை நுண்ணறிவு வழி நீக்கும் வசதி லைட்ரூமுக்குள்ளேயே வந்தபோது சிக்கல் வேறு திசையில் திரும்பியது. இவ்வகைக் கருவி தான் பழகிய படங்களிலிருந்து இறகை ஊகித்து வரைகிறது. வரித்தலை வாத்துக்கு இதனால் கேடில்லை. தலையின் இரு கறுப்புப் பட்டைகளை எவரும் அடையாளம் காணலாம். கொசு உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளை இறகு விளிம்பு பார்த்துப் பிரிக்கும் இடத்தில், ஊகித்து வரைந்த விளிம்பு சான்றாகாது.

பன்னாட்டுப் புகைப்பட அமைப்புகளான பிஎஸ்ஏ, எஃப்ஐஏபி, ஆர்பிஎஸ் மூன்றும் ஏற்றுக்கொண்ட இயற்கைப் பட வரையறை 2015இல் நடப்புக்கு வந்தது. படத்தை வெட்டிச் சுருக்கலாம், ஒளியைச் சீராக்கலாம். கொப்பைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. சந்தேகம் வந்தால் போட்டி நடத்துவோர் ரா கோப்பைக் கேட்கிறார்கள். ஆனால் திரையில் அழித்த கொப்பைத்தான் ரா கோப்பு காட்டிக்கொடுக்கும். படமெடுக்கும் முன்பே அரிவாளால் வெட்டிய கொப்பு அதில் தெரியாது. கூட்டுப் படங்களையே பல போட்டிகள் வாங்க மறுப்பதற்கு, குஞ்சுகளின் பாதுகாப்போடு இந்த ஓட்டையும் ஒரு காரணமென்று கொள்ள இடமிருக்கிறது.